ஏழு பேர்ச்சஸும் ஒரு பொட்டலும்

மலையகத் தோட்டமொன்றில் புதிய வீட்டுத் திட்டம் தொடங்கும்போது முதலில் வருகிறவர் நில அளவையாளர். தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய சரிவில் முளையடித்து, கயிறு பிடித்து, குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் என்று காணியைத் துண்டு போடுகிறார். வீடு நிற்குமிடம், பாதை, வடிகான், மலசலகூடக் குழி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் அவருடைய வரைபடத்தில் ஏறுகின்றன. நூற்றாண்டுக்கு மேலாக லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் அடைபட்டுக் கிடந்த சனத்துக்கு அந்த வரைபடம் ஒரு விடுதலைப் பத்திரம். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பழைய லயங்களுக்கு நடுவே மிதிபட்டு மிதிபட்டு இறுகிப்போன ஒரு வெற்று நிலம் இருந்தது. மாசி மாதத்தில் காமன் ஊன்றுவதும், திருவிழாவில் கரகம் இறங்குவதும், சாவு வீட்டுக்குத் தப்பு எனும் தோற்பறையைத் தீயில் காய்ச்சுவதும் அங்கேதான் நடந்தன. தோட்டத்துச் சனம் அதைப் பொட்டல் என்கிறது. அந்தப் பொட்டலைப் புதிய ஊருக்குள் கொண்டுவர எந்தத் திட்டத்திலும் விதி இல்லை.

மலையக இசையின் அடுத்த ஐம்பது ஆண்டு இந்த வெற்று நிலத்தைச் சார்ந்திருக்கிறது என்பது என் முடிவு. பாடகர் இல்லை, பயில இளைஞர் இல்லை, சினிமாப் பாட்டு வந்துவிட்டது என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் உண்மை இருக்கிறது. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் நிலம் பற்றிய கேள்வி ஒன்று கிடக்கிறது. அதை முதலில் பேச வேண்டும்.

லயம் எப்படிக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் இறக்கத் தொடங்கிய காலத்தில் தொழிலாளர் பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்புகிறவர்களாக இருந்தார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிராக்கினார். இரண்டு ஆண்டில் கோப்பியில் இலைநோய் விழுந்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டிய தேயிலைக்கு நிரந்தரமாகக் குடியிருக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். திருச்சி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களில் வரிசையாக அடைக்கப்பட்டார்கள். காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்பு எனும் ஒரு திண்ணை, இஸ்தோப்புக்கு முன்னால் வாசல், வாசலுக்கு அப்பால் அடுத்த லயம். மேட்டு லயம், பணிய லயம் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. துரைமார் இப்படிக் கட்டியதற்குக் காரணம் செலவும் காவலும். விடிகாலையில் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு ஆள் எழுப்புவது லயத்தில் எளிது. யார் வரவில்லை என்று கணக்கப்பிள்ளை எண்ணுவதும் எளிது.

ஆனால் காவலுக்காகக் கட்டிய அதே அமைப்பு ஒலிக்கு வேறொரு வாழ்க்கையைக் கொடுத்தது. பல பழைய லயங்களில் காம்பராக்களுக்கு இடையிலான சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு காம்பராவில் தாலாட்டுப் பாடினால் நான்காவது காம்பராவில் தூங்காத பிள்ளையும் தூங்கும். இஸ்தோப்பில் ஒருத்தி ஒப்பாரி தொடங்கினால் லயமே வந்து தோளில் கைபோட்டு உட்கார்ந்துவிடும். பாட்டு கற்றுக்கொள்ள யாரும் யாரிடமும் போகவில்லை. அது சுவர் ஏறி வந்தது. இந்த நெருக்கத்தை நான் புகழ மாட்டேன். சுவர் ஏறிப் போனவற்றில் பாட்டு மட்டும் இல்லை. புருசன் பெண்சாதி பேச்சும் நோயாளியின் முனகலும் குடிகாரனின் வசையும் போயின. வயசுக்கு வந்த பிள்ளைக்கு உடுப்பு மாற்ற மறைவு இல்லாத இடத்தை மரபின் தொட்டில் என்று சொல்வதற்கு மனம் துணியக் கூடாது. தனி வீடு வேண்டும், பூட்டக்கூடிய கதவு வேண்டும். அந்தக் கதவுக்கு வெளியே பாட்டுக்கு என்ன இடம் என்பதுதான் கேள்வி.

வீட்டுத் திட்டங்களின் வரலாறு நீண்டது. சௌமியமூர்த்தி தொண்டமான் காலத்து மாடி லயங்களும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வீடுகளும் அதில் அடங்கும். இன்று நாம் பார்க்கும் வேகம் 2014 ஒக்டோபர் 29க்குப் பின் வந்தது. அன்று காலை கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஒரு சமூகமே ஆபத்துச் சரிவுகளில் குடியிருக்கிறது என்பதை நாடு அப்போதுதான் பார்த்தது. மலைநாட்டுப் புதிய கிராமங்கள் என்று ஓர் அமைச்சு வந்தது, 2018இல் அதற்கென ஓர் அதிகாரசபைச் சட்டமும் வந்தது. இந்திய உதவியில் 4,000 வீடுகள் தொடங்கின. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு என்பது அன்றைய அளவு. பூண்டுலோயா டன்சினேன் தோட்டத்தில் மகாத்மா காந்திபுரம் என்ற பெயரில் 404 வீடுகள் 2018இல் கையளிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மலைகளைச் சரித்துவிட்டுப் போனபின், இடம்பெயர்த்துக் குடியமர்த்துவது இன்னும் அவசரமாகிவிட்டது. அவசரத்தில் செய்யும் வேலையில் பொட்டல் யாருக்கும் ஞாபகம் வராது.

மலையகத்துக்கு இது முதல் இடப்பெயர்வும் இல்லை. 1960களில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா பட்டணம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சிதைந்த உருவில் வெளியே தெரிகின்றன, சனம் போய்ப் பார்த்துக் கும்பிட்டு வருகிறது. கல்லால் கட்டியது ஐம்பது ஆண்டு கழித்தும் தலைகாட்டுகிறது. அந்தக் கோயில் திருவிழாவில் அடித்த அடியும் பாடிய பாட்டும் எந்த வரட்சியிலும் மேலே வரப்போவதில்லை. மேல்கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியில் லயங்கள் அகற்றப்பட்டபோதும் வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்தார்கள், கூத்துக்குக் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

காமன் கூத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொட்டல் ஏன் வேண்டும் என்பது கூத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. சிவன் தவத்தைக் குலைக்கப் போன மன்மதன் எரிந்த கதைதான் இது. சோழநாட்டில் மயிலாடுதுறைக்கு அருகே கொருக்கையில் அந்த எரிப்புக்கு வீரட்டானக் கோயிலே இருக்கிறது. தஞ்சை, திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து விடிய விடிய லாவணி பாடும் வழக்கம் இருந்தது. கப்பலேறி வந்த சனம் இந்தக் கதையைக் கையோடு கொண்டுவந்து தோட்டத்தின் கூத்தாக வளர்த்துக்கொண்டது.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் என்று இடத்துக்கு இடம் அதன் கட்டு மாறும். அன்றிலிருந்து பௌர்ணமியை ஒட்டிய இரவு வரை அது நட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். நேர்த்தி வைத்து வேஷம் கட்டுகிறவர்கள் அதுவரை விரதம். ரதி வேஷமும் ஆண்தான் கட்டுவார். இரவில் கூத்து மாஸ்டர் பாட்டெடுக்க, தப்பு முழங்க, கதை நாளுக்குக் கொஞ்சமாக நகரும். ரதி மதன் கல்யாணம் முடிந்ததும் இருவரும் லயம் லயமாக வருவார்கள். வாசலில் காலுக்குத் தண்ணீர் ஊற்றி ஆராத்தி எடுத்துக் காணிக்கை போடுவார்கள். கடைசி இரவில் தூதன் ஓலையோடு வருகிறான். மேட்டிலிருந்து பந்தம் பிடித்துச் சலங்கை குலுங்கக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் ஓடிவரும்போது தப்பின் அடி மாறும், பிள்ளைகள் தாய்மாரின் சேலைக்குள் ஒளியும். வீரபத்திரன், காளி, யமன் எல்லாம் ஒவ்வொருவராக இறங்குவார்கள். பிறகு எரிப்பு. எரிந்த சாம்பல் முன்னால் ரதி புலம்பும் புலம்பலில் ஆண் வேஷக்காரர் பாடுவது பெண்களின் ஒப்பாரி மெட்டு. சுற்றி நிற்கும் பெண்கள் அந்த மெட்டில் தங்கள் செத்தவர்களை நினைத்து அழுவார்கள். இரண்டு பாட்டு மரபுகள் ஓர் இரவில் சந்திக்கும் இடம் அது. மலையக இசையில் இதைவிடச் செறிந்த ஒரு கணத்தை நான் அறியேன்.

இதற்கு என்ன நிலம் வேண்டும்? இரண்டு கிழமை யாரும் கைவைக்காத மண் வேண்டும், நெருப்பு வைக்கக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். தூதன் ஓடி இறங்க ஒரு மேடு, சனம் வட்டமாக நிற்க ஓர் அகலம். வேஷம் வரும் பாதையில் வாசல்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். தப்பைக் காய்ச்சப் பக்கத்தில் ஒரு தீ எரிய வேண்டும். மண்டபம் கட்டித் தருகிறோம் என்று சொல்லும் நல்ல மனதுக்காரர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். சீமெந்துத் தரையில் கம்பம் ஊன்ற முடியாது. தகரக் கூரையின் கீழ் காமனை எரிக்க முடியாது. எட்டு மணிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய மண்டபத்தில் விடிய விடியக் கூத்தும் நடக்காது. அருச்சுனன் தபசுக்கும் இதே கதை. உயர்ந்த தபசு மரத்தில் அருச்சுனன் பாடிக்கொண்டே ஏறுவதுதான் அந்தக் கூத்தின் உயிர், அதற்கு வானம் திறந்திருக்க வேண்டும்.

நிலத்தோடு போகிற இன்னொன்று அமைப்பு. தோட்டத்தில் கோயில் சந்தாவும் சங்கச் சந்தாவும் செக்ரோல் எனும் தோட்டப் பதிவேட்டில் சம்பளத்தோடு பிடிக்கப்பட்டு வந்தன. தலைவரும் கோயில் கமிட்டியும் கூடிப் பேசினால் திருவிழாவுக்குக் காசு சேர்ந்துவிடும். புதிய ஊரில் ஒரு வீட்டில் தாய் கொழுந்தெடுக்கிறாள், அடுத்த வீட்டில் மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மூன்றாவது வீட்டுக்காரி மத்திய கிழக்கில் இருக்கிறாள். அவர்களில் பாதிப் பேர் எந்தச் செக்ரோலிலும் இல்லை. கணக்கு எனப்படும் வெவ்வேறு தோட்டப் பிரிவுகளிலிருந்து, சில இடங்களில் வெவ்வேறு தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியேறுகிறார்கள். மேட்டு லயத்துக் காமனா, பணிய லயத்துக் காமனா, எந்த மாஸ்டரின் பாட்டு என்று முடிவெடுக்க ஆள் இல்லை. பொட்டல் இருந்தாலும் கூத்தைக் கூட்ட ஒரு கமிட்டி இல்லையென்றால் அது வாகனம் நிறுத்துமிடமாகிவிடும்.

இந்த இடத்தில் வெளியுலகின் இரண்டு அனுபவங்கள் உதவும். டெல்லியின் கட்புத்லி காலனியில் பொம்மலாட்டக்காரர்கள், டோலக் வாசிப்போர், வித்தைக்காரர்கள் தலைமுறைகளாகக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். 2009இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு தனியார் கட்டுமானக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, குடிசைகளுக்குப் பதில் அடுக்குமாடி வீடு தருவதாகச் சொன்னது. 2017 ஒக்டோபரில் இடிப்பு நடந்தது. சண்டை பெரும்பாலும் வீடு கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்பது பற்றியது. ஆனால் கலைஞர்கள் தொடக்கம் முதலே வேறொரு கேள்வியும் கேட்டார்கள். ஆளுயரப் பொம்மையையும் டோலக்கையும் எந்த மாடியில் வைப்பது, எங்கே பயில்வது? ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற கணக்கில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கறுப்பின மக்களின் கிளெய்போர்ன் வீதி 1960களில் அழிக்கப்பட்டது. வரிசையாக நின்ற ஓக் மரங்களை வெட்டி, வீதிக்கு மேலே விரைவுப் பாதை கட்டினார்கள். கடைகள் மூடின. ஆனால் இறுதி ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக்காரரின் பின்னால் ஆடிப்போகும் அவர்களுடைய வழக்கம் சாகவில்லை. இன்றும் அந்தப் பாலத்தின் தூண்களுக்கு இடையே வாசித்துப் போகிறார்கள். அதற்கு ஒரு காரணம், சந்தா கட்டி நடத்திய உதவிச் சங்கங்கள் நிலத்தோடு சேர்ந்து கலைந்துவிடவில்லை. நிலமும் அமைப்பும் ஒரே நேரத்தில் போகிற மலையகத்தின் நிலைமை அதைவிடக் கடினமானது.

இனி தப்பைப் பற்றி. இதைச் சொல்லாமல் மலையக இசை மரபைக் காக்க வேண்டும் என்று எழுதுவது நேர்மையாகாது. விடிகாலையில் பெரட்டுக்குச் சனத்தை எழுப்பியது தப்பு. ஒரு கணக்கில் சாவு விழுந்தால் எதிர்மலைக்குச் சொன்னது தப்பு. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, காமனுக்கு ஓர் அடி என்று கேட்டவுடன் எதற்கென்று தெரியும். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி 1954இல் வெளிவந்த தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதை, தப்பின் ஒலியில் திடுக்கிட்டு விழிக்கும் விடியலோடு தொடங்குகிறது. அதைச் சக்தீ அ. பாலையா தமிழில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தந்தார். மலையகத்தின் முதல் பெரிய கவிதைக்குத் தாளம் கொடுத்தது இந்தத் தோல்.

அந்தத் தோலை அடித்தவர் யார்? ஒரு சாதியினர். அடிக்க மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. சாவு வீட்டில் முற்றத்துக்கு வெளியே நின்று அடித்தார்கள், சாராயமும் சில்லறையும் கூலியாக வாங்கினார்கள். வரிசைக் காம்பராக்களில் எல்லாரும் ஒன்றாக வாழ்ந்தார்கள் என்று இன்று நாம் பெருமையாகச் சொல்லும் லயங்களில், யாருக்கு எந்த லயம் என்பதைத் தொடக்கத்தில் சாதி தீர்மானித்தது. ஆகவே தகப்பன் அடித்த தப்பை மகன் தொட மறுக்கும்போது, இளைய தலைமுறைக்கு மரபில் அக்கறையில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மறுப்பு சுயமரியாதை. பழைய கடமையைத் திரும்பச் சுமத்தாமல் தப்பை எப்படிக் காப்பது என்பதே பேச வேண்டியது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா நடத்திய சக்தி கலைக்குழு ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. பெண் தொடக்கூடாது, சாவுக்கு மட்டுமே என்ற இரண்டு விலக்குகளும் ஒன்றாக உடைந்தன. சென்னையில் மணிமாறனின் புத்தர் கலைக்குழு சாதி பாராமல் யாருக்கும் கற்றுக்கொடுக்கிறது. அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கூலியாக இருந்தது கட்டணமானது. அடிக்கிறவன் என்று சொல்லப்பட்டவர் ஆசான் ஆனார். மலையகத்தில் ஒரு பாடசாலையில் தப்புப் பயிற்சி தொடங்கினால் முதல் விதி இதுவாக இருக்க வேண்டும்: எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்க வேண்டும், கற்பிக்கும் முதிய கலைஞருக்கு ஆசிரியர் என்ற பெயரும் மாதச் சம்பளமும் கிடைக்க வேண்டும். அந்த விதி இல்லாமல் மேடையில் ஐந்து நிமிடம் தப்பு அடிக்க வைப்பதும், சுற்றுலா விடுதி வாசலில் நிறுத்தி வைப்பதும் பழைய முற்றத்துக்குப் புதிய பெயின்ட் அடிப்பது போன்றது.

பாடசாலை என்றதும் இன்னொரு பழைய குறை நினைவுக்கு வருகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ என்று மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றினார். அது ஈழத்து அரங்கின் போக்கையே மாற்றியது, சி. மௌனகுரு போன்றவர்கள் அதிலிருந்து எழுந்தார்கள். பேராதனைக்கும் அண்டைத் தோட்டங்களுக்கும் நடுவே கிடப்பது கூப்பிடு தூரம். மாசி மாதத்தில் அங்கே காமன் எரிந்துகொண்டிருந்தது. அந்த எரிப்புக்குப் பல்கலைக்கழகத்தின் வெளிச்சம் அப்போது கிடைக்கவில்லை. அதே காலத்தில்தான், 1964இல், கொழும்பும் டெல்லியும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்த மக்களைத் தலை எண்ணிப் பங்கிட்டன. ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகம் அழுகைக் கோச்சி என்று அழைத்தது. கூத்தில் ரதியாக நின்றவர் ஒரு பெட்டியிலும் மாஸ்டர் பிளட்போமிலும் என்று குழுக்கள் பிரிந்தன. பிரஜாவுரிமையே இல்லாத சனத்தின் கூத்தை மரபு என்று பார்க்க அன்றைய நாடு தயாராக இல்லை.

சேகரித்தவர்கள் பெரும்பாலும் உள்ளேயிருந்தே வந்தார்கள். வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேர்த்த பாடல்கள் 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாயின. மாத்தளை வடிவேலன் பாரம்பரியக் கலைகளைப் பற்றியும், சாரல்நாடன் வாய்மொழி இலக்கியம் பற்றியும் 1990களின் தொடக்கத்தில் எழுதினார்கள். மு. சிவலிங்கம் பின்னர் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார். அதே 1983இல் தோட்டப் பெண்களின் பாடல்களைப் பதிவு செய்ய வந்த மானிடவியலாளர் ஈ. வெலன்டைன் டானியல் ஜூலைக் கலவரத்தின் சூடு ஆறாத மண்ணில் இறங்கினார். பாட்டுக் கேட்க வந்தவருக்குச் சனம் வன்முறையைச் சொன்னது. 1996இல் அவர் எழுதிய நூலுக்கு அவர் வைத்த பெயரில் கருகிய தாலாட்டுகள் இருக்கின்றன.

இந்தத் தொகுப்புகளுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனாலும் அவற்றைத் திறந்து வாசிக்கும் ஒருவர் பாடத் தொடங்க முடியாது. சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. கங்காணியை வையும் பாட்டின் சொற்களைத் தாளில் பார்க்கிறோம். எந்த அசையில் குரல் ஏறி, எங்கே மூச்சு வாங்கி, எந்த அடியில் மற்றப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள் என்பது அச்சில் இல்லை. தப்பின் அடிகளுக்கோ சொல்கூட இல்லை. முன்னொரு காலத்தில் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மை தோட்டத்துக் கூட்டங்களில் பாடிச் சனத்தைத் திரட்டினார். அவருடைய பாட்டுப் புத்தகம் 1940இல் அச்சானது. அந்தக் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. இப்போது கைத்தொலைபேசி இல்லாத வீடு இல்லை. எழுபது வயதைத் தாண்டிய மாஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கூத்தின் முழு இரவையும், அடிகள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தனித்தனியாகவும், பாடகரின் பெயரும் சம்மதமும் சேர்த்துப் பதிந்து வைக்கலாம். 2005 முதல் இயங்கும் நூலக நிறுவனத்தின் இணையச் சேமிப்பில் இதற்கு இடம் உண்டு. கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றில் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் திறந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் பொருள்களைக் காத்து வருகிறது. ஒலிக்கும் அங்கே ஓர் அறை வேண்டும்.

பதிவு அவசியம். ஆனால் பதிவு நடந்துவிட்டது என்பதைக் காரணமாக வைத்துப் பொட்டலை விட்டுவிடக் கூடாது. கூத்து நடக்கும் இடம் போனபின் பதிவு மாத்திரம் எஞ்சினால் அது இறந்தவரின் புகைப்படம்தான். யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையை இலங்கை 2008இல் ஏற்றது. 2018இல் ரூகட பொம்மலாட்டமும் 2021இல் தும்பறைப் பாய் நெசவும் உலகப் பட்டியலில் ஏறின. காமன் கூத்தும் அதில் ஏறத் தகுதியுள்ளது. ஆனால் அந்த உடன்படிக்கை, மரபோடு சேர்ந்த இடங்களையும் மரபின் பகுதியாகவே எண்ணுகிறது. பட்டியலில் ஏற்றக் கோரும் அதே அரசு பொட்டலின் மீது வீட்டு முளை அடித்தால் கோரிக்கைக்கு என்ன அர்த்தம்?

செய்ய வேண்டியது கடினமானதும் இல்லை. கணக்கைப் பாருங்கள். 404 வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் வீதம் 2,828 பேர்ச்சஸ். அந்த அளவுள்ள ஓர் ஊரில் கூத்துக்கு இருபது பேர்ச்சஸ் ஒதுக்கினால், நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. நாற்பது, ஐம்பது வீடுகளுள்ள சிறிய திட்டத்தில் இது ஏறக்குறைய மூன்று வீட்டுக்குரிய காணி. அங்கே எதிர்ப்பு வரும், வரவும் வேண்டும். வீடில்லாத மூன்று குடும்பத்தை நிறுத்திவிட்டுக் காமனுக்குக் காணி கேட்க யாருக்கும் வாய் வராது. ஆகவே பொட்டல் வீட்டுக் காணியிலிருந்து வெட்டப்படக் கூடாது. பாதைக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் போல, கம்பெனி விடுவிக்கும் நிலத்தில் தொடக்கத்திலேயே தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பழைய லயம் மண்சரிவு வலயத்துக்கு வெளியே இருந்தால் பழைய பொட்டலையே விட்டு வைக்கலாம். வீடு தள்ளிப் போனாலும் மாசியில் சனம் நடந்து வரும்.

அந்த நிலம் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பது அடுத்த சிக்கல். கம்பெனி பெயரில் இருந்தால் ஒரு நாள் தேயிலை நட்டுவிடுவார்கள். கோயில் கமிட்டி பெயரில் இருந்தால் கமிட்டி பிரியும்போது வழக்காகும். என் தெரிவு பிரதேச சபை. முன்பு தோட்டத்துக்குள் ஒரு பாதை போடக்கூடச் சபைகளுக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு நுவரெலியா மாவட்டத்தில் மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகள் இயங்கத் தொடங்கின. அவற்றில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் லயத்தில் பிறந்தவர்கள், காமன் எரிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். பொட்டலைச் சபையின் பெயரில் பொதுக் காணியாகப் பதிந்து, மாசியில் கூத்துக்கும் மற்ற மாதங்களில் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் விட ஒரு தீர்மானம் போதும். சீமெந்து போடக் கூடாது, கூரை அடிக்கக் கூடாது, தப்புக் காய்ச்சத் தீ மூட்டலாம் என்று அந்தத் தீர்மானத்தில் எழுத வேண்டும். கூத்துக் கலைஞர்களுக்கு ஆண்டுக் கொடுப்பனவு என்று வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். செக்ரோல் சந்தா விட்ட இடத்தை அந்த ஒரு வரி ஓரளவு நிரப்பும். கூத்துக் கமிட்டியில் பெண்களும் தப்புக் கலைஞர்களும் உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

இதெல்லாம் வீடு கட்டி முடித்தபின் செய்யும் வேலை இல்லை. முளையடித்து, இலக்கம் போட்டு, உறுதி எழுதியபின் ஒரு பேர்ச்சஸைக்கூட நகர்த்த முடியாது. ஆகையால் நில அளவையாளர் கயிற்றோடு வரும் அன்று தலைவரோடு கூத்து மாஸ்டரும் கூட நிற்க வேண்டும். கம்பம் எங்கே ஊன்றுவது, தூதன் எந்த மேட்டிலிருந்து இறங்குவான், ரதியும் மதனும் எந்த வாசல் வழியே வருவார்கள் என்று அவர் கைகாட்டுகிற இடங்களை வரைபடத்தில் குறித்தபின்தான் முதல் வீட்டின் முளையை அடிக்க வேண்டும்.